பங்காரப்பேட்டை தாண்டினால் எண்ணிக்கை ஏறும்

என் அக்கா சங்கமித்ரா ரயிலில் பார்க்கிறவர்களிடம் முதலில் பெயரைக் கேட்கமாட்டாள். மே மாதம் தொடங்கி ஆகஸ்ட் முடியும்வரை, கையில் பிளாஸ்டிக் ஃபைலோடு ஒரு பெண் பெட்டிக்குள் ஏறினால் போதும். நகர்ந்து இடம் கொடுத்து, அந்தப் பெண் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு உட்காருவதற்குள் கேட்டுவிடுவாள்.

“எத்தினி காலேஜ் போட்டுக்கிற?”

அந்தப் பெண் ஓர் எண்ணைச் சொல்லும். அக்கா தலையை ஆட்டிவிட்டு அடுத்ததைக் கேட்பாள்.

“ஏன் அத்தினி?”

முதல் கேள்விக்கு எல்லோரிடமும் பதில் இருந்தது. இரண்டாவதற்குத்தான் ஜன்னல் பக்கம் திரும்பி யோசித்தார்கள். யோசித்துவிட்டு அவர்கள் சொல்வது என்னவாக இருக்கும் என்பதில் அக்காவுக்கு ஓயாத ஆசை. எங்கள் தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் காலை வண்டி ஏறி, பெங்களூர் கன்டோன்மென்ட்டில் இறங்கி, அங்கே ஒரு கண்ணாடிக் கடையில் மாலைவரை பிறர் காதுக்கும் மூக்குக்கும் ஃபிரேம் பொருத்திவிட்டு, மாலை வண்டியில் திரும்பி வருவாள். இருபது வருடத்துக்கு மேல் அப்படிப் போய் வந்தாள். மற்ற பெண்கள் பூக்கட்டினார்கள், வெங்காயம் உரித்தார்கள், தூங்கினார்கள். அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒருமுறை மாலூரில் ஏறிய ஓர் அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, “நீங்க எந்தக் காலேஜ் ஏஜென்ட்டு?” என்றார்.

“கண்ணாடிக் கட ஏஜென்ட்டு. கண்ணு தெரியலன்னா வாங்க, டெஸ்ட் பண்ணித் தரோம்.”

பெட்டியே சிரித்தது. ஆனால் அந்த அம்மா விடவில்லை. “அப்போ எங்க போட்டா சீட்டு கெடைக்கும், அதையாவது சொல்லுங்க.”

“எனக்கு இன்னாம்மா தெரியும்? நான் பி.யு.சி.யோட நின்னவ. நானும் அந்தக் காலத்துல ஒண்ணுதான் போட்டேன், கெடைக்கல. உங்க பொண்ணு சொல்லட்டும், நான் கேக்கிறேன்.”

இதை ஒரு குறையாகவோ வருத்தமாகவோ சொல்லி நான் கேட்டதில்லை. மற்றவர்கள் சொன்ன எண்களோடு தன்னுடைய ஒன்றையும் சேர்த்துவைப்பாள், அவ்வளவுதான்.

மாலையில் ஊரிகம் ஸ்டேஷனிலிருந்து சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்கு நடக்கும்போது அன்றைக்குக் கிடைத்ததை எனக்குச் சொல்வாள். அவள் வீட்டுக்குப் பக்கத்து லைனில்தான் என் வீடு. வாரத்தில் மூன்று நாள் நானும் அதே வண்டியில் பெங்களூர் போய்வந்தேன்.

ஒரு பெண் ஆறு கல்லூரிக்குப் போட்டிருந்தாள். ஏன் ஆறு என்றால், ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் போட்டோ எட்டுதான் தருகிறார்கள், ஒன்று பஸ் பாஸுக்குப் போயிற்று, ஒன்றைத் தம்பி எடுத்து மீசை வரைந்துவிட்டான். மிச்சம் ஆறு. “இன்னும் ரெண்டு காலேஜ் ஆச கீதாம். ஆனா மறுபடி போட்டோ எடுத்தா மூஞ்சி இவ்ளோ நல்லா வராதாம்,” என்று அக்கா சிரித்தாள். கோரமண்டலில் ஏறும் நான்கு தோழிகள் ஆளுக்கொரு கல்லூரியைத் தேர்ந்தெடுத்து, நான்கு பேரும் அந்த நான்குக்கும் போட்டார்கள், பிரியக்கூடாது என்று. கடைசியில் நான்கு பேரும் நான்கு இடத்தில் சேர்ந்தார்கள். இன்னொருத்தி எட்டுப் போட்டு, எட்டு ஆகாது என்று அவள் அத்தை சொன்னதால் பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒன்பதாவது ஒன்றைச் சேர்த்து, அந்த ஒன்பதாவதிலேயே சேர்ந்து இப்போது சந்தோஷமாகப் படிக்கிறாள். ஒரே ஒரு கல்லூரி போட்டிருந்த பெண்ணிடம் ஏன் ஒன்று என்று கேட்டதற்கு, அவள் முகம் சிவந்து மொபைலைக் கவிழ்த்து வைத்தாளாம்.

“அந்த ஒண்ணு யாருன்னு நான் கேக்கல,” என்றாள் அக்கா.

இன்ஜினியரிங் போகிறவர்களின் கதை வேறு. அவர்களுக்கு விண்ணப்பம், போட்டோ எதுவும் கல்லூரி கல்லூரியாகக் கிடையாது. சி.இ.டி. நுழைவுத் தேர்வு எழுதி ராங்க் வந்தபிறகு, கம்ப்யூட்டரில் கல்லூரியையும் பாடப்பிரிவையும் விருப்ப வரிசைப்படி ஒன்றன்கீழ் ஒன்றாகப் போடவேண்டும். ஆப்ஷன் என்ட்ரி என்பார்கள். எத்தனை வேண்டுமானாலும் போடலாம். பெங்களூரில் இருப்பதும் போடலாம், மாநிலத்தின் வடகோடியில் பீதரில் இருப்பதும் போடலாம். நூற்றுப் பன்னிரண்டு போட்ட ஒரு பெண்ணை அக்காவுக்குத் தெரியும். ஏன் என்று கேட்டதற்கு, “சும்னே ஆன்ட்டி” என்றாளாம், சும்மாதான் என்று கன்னடத்தில். அதில் பாதி ஊர் எங்கே இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது, அவள் அப்பாவுக்கும் தெரியாது.

அப்போதுதான் அக்காவுக்கு ஒன்று கண்ணில் பட்டது.

“நீ கவனிச்சியாடி? மாரிகுப்பம், சாம்பியன், ஊரிகம், கோரமண்டல், இங்க ஏறுதுங்க பாரு, ரெண்டு மூணு. மிஞ்சிப் போனா அஞ்சு. வண்டி பங்காரப்பேட்ட தாண்டட்டும். இருபது, நாப்பது, நூறு. ஒரே வண்டி, ஒரே பரீட்ச. இது ஏன்?”

“நம்ம பொண்ணுங்களுக்கு வெவரம் பத்தல,” என்றேன்.

“வெவரம் இல்லாதவதானே நூறு போடுறா? பீதர் எங்க கீதுன்னு தெரியாமலே?”

அவளே வேறு பெட்டியில் ஏறிப் பார்த்தாள். திரும்பி வரும் வண்டியிலும் கேட்டாள். இது வெறும் தற்செயல் என்று நான் சொன்னேன். இன்றும் எனக்கு அது முழுதாக நிச்சயமில்லை. ஆனால் அக்கா அதை விடவில்லை. ஒரு நாள் சாம்பியனில் ஏறிய பெண் ஒருத்தி, இரண்டே இரண்டு போட்டவள், விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

“எங்க தாத்தா சொன்னாரு ஆன்ட்டி. கீழ கீழ போட்டுக்குனே போனா, இவளுக்கு இதுவே போதும்னு கடேசில கீறதத்தான் குடுப்பாங்களாம். ரெண்டாவதை வாய்ல கொண்டாந்தா ரெண்டாவதுதானாம்.”

அக்கா அன்றைக்கு ஸ்டேஷனிலிருந்து நடக்கவில்லை, ஓடினாள். ஏனென்றால் அந்தக் கடைசி வாக்கியம் எங்கள் அப்பாவுடையது. அப்பா மட்டும்தான் அப்படிச் சொல்வார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். விருந்துக்குப் போன இடத்தில் டீயா காப்பியா என்று கேட்டால் “எதுனாலும் பரவால்ல” என்று சொல்லக்கூடாது, ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று எங்களை வளர்த்தவர். துணிக்கடையில் “சிவப்பு இல்லன்னா பச்ச” என்று நாங்கள் சொன்னால் கடைக்காரர் முன்னாலேயே முறைப்பார்.

“அப்பா, அது உங்க பேச்சா, ஊர்ப் பேச்சா?” என்று அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

அப்பா பெயர் வேலாயுதம். தங்கச் சுரங்கம் மூடும்வரை பூமிக்குக் கீழே மரம் முட்டுக் கொடுக்கும் வேலை. டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சொன்னார்: “என் பேச்சுதான். எல்லாப் பயலுங்களும் என்னைப் பாத்துக் கத்துக்குனானுங்க.”

“சாம்பியன்ல ஒரு தாத்தா சொல்றாராம்.”

“அவன் யாரு? என்கூட ஷிப்ட்ல இருந்தவனா இருப்பான்.”

பிறகு பழைய கதையைச் சொன்னார். எங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அக்கா முதல்முறை கேட்பதுபோல் எதிரே உட்கார்ந்து கேட்டாள். இருபது வயதில் வேலை கேட்டுச் சுரங்கத்து டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு முன்னால் நின்றபோது, உனக்கு எந்த வேலை வேண்டும் என்று கிளார்க் கேட்டிருக்கிறார். அப்பா மரியாதையாக, “மேல கார்ப்பென்டர் ஷாப்புல குடுங்க சார், இல்லன்னா கீழன்னாலும் பரவால்ல” என்றாராம். கிளார்க் ‘கீழ’ என்பதை மட்டும் எழுதிக்கொண்டார். மறுநாள் காலையில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் நிறுத்திச் சுரங்கத்துக்குள் இறக்கிவிட்டார்கள். முப்பத்து மூன்று வருடம் கீழேதான். “எனக்கு முன்னாடி நின்னவன் ‘கார்ப்பென்டர் ஷாப்பு’ன்னு மட்டும் சொன்னான். அவனுக்கு அதுவே கெடைச்சுது. அவன் ரிட்டயர் ஆற வரைக்கும் வெயில்ல நின்னான்.”

“ஓ, அதான்,” என்றாள் அக்கா. “இந்த ஊர்ல எல்லா வீட்லயும் அப்படி ஒரு ஜன்னல் இருந்துகீது. மாலூர்ல அது இல்ல.”

தான் தேடிப்போன விடை வீட்டிலேயே கிடைத்ததில் அவளுக்கு அன்று பெரிய திருப்தி. அப்பாவுக்கு இன்னொரு டீ போட்டுக் கொடுத்தாள். அது நடந்தது இரண்டாயிரத்து இருபத்திரண்டில், ஜூலை மாதம். அந்த வருடம்தான் அவள் மகள் தாராவும் சி.இ.டி. எழுதியிருந்தாள்.

தாரா கைக்குழந்தையாக இருந்தபோதே அவள் அப்பா வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். அக்கா, தாரா, எங்கள் அப்பா, மூன்று பேர்தான் அந்த வீட்டில். தாராவுக்கு சிவில் இன்ஜினியரிங் வேண்டும். கம்ப்யூட்டர் எடுக்கச் சொன்ன எல்லோரிடமும் ஒரே பதில் சொன்னாள், “கட்டடம் கட்டணும்.” அப்பா கேலி செய்வார்: “மொதல்ல நம்ம பாத்ரூம் செவுத்தைக் கட்டு. சாஞ்சுக்கினு கீது.” ராங்க் மோசமில்லை. ஊரில் தட்டி வைத்துப் பெருமை அடிக்கும் அளவுக்கும் இல்லை.

நூறு பெண்களிடம் கேட்ட அக்கா, தன் மகளிடம் கேட்கவில்லை. தாரா ஆப்ஷன் போட்டுவிட்டேன் என்றாள், அக்கா சரி என்றாள். எங்கள் வீட்டுப் பெண்தானே, அப்பாவின் வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்தவள்தானே, மூன்றோ நான்கோ போட்டிருப்பாள் என்று எங்களுக்கே தெரிந்ததுபோல் இருந்தது.

உண்மையான ஒதுக்கீட்டுக்கு முன்னால் ஒரு மாதிரி ஒதுக்கீடு வெளியிடுவார்கள். இப்போதைய நிலையில் உனக்கு எது கிடைக்கும் என்று காட்டுவது அது. பார்த்துவிட்டு வரிசையை மாற்றலாம், சேர்க்கலாம், எடுக்கலாம், அதற்குச் சில நாள் அவகாசம் உண்டு. தாராவுக்கு அதில் ஒன்றுமே வரவில்லை. அவள் போட்டிருந்தது மூன்று. மூன்றும் அவள் ராங்குக்கு எட்டவில்லை. இப்படியே விட்டால் அந்த வருடம் அவளுக்கு சிவில் இல்லை, ஊரில் ஏதாவது டிகிரியில் சேர வேண்டியதுதான்.

மறுநாள் வண்டியில் அக்கா கேட்டுக்கொண்டே போனாள். மாலூரில் ஏறும் ஷில்பா என்ற பெண்ணும் சிவில் கேட்டிருந்தாள். ராங்க் தாராவுக்குக் கொஞ்சம் பின்னால். அறுபத்து நான்கு போட்டிருந்தாள். மாதிரி ஒதுக்கீட்டில் அவளுக்கு வந்தது ஏழாவது.

அன்று மாலை அக்கா அப்பாவோடு மல்லுக்கு நின்றாள். நான் அங்கே இருந்தேன்.

“அப்பா, அறுபத்தி நாலு போட்டுகீறா. நீங்க சொல்றபடி பாத்தா அறுபத்தி நாலாவதுதானே வந்திருக்கணும்? ஏழாவது வந்துகீதே. அது மேலேர்ந்து பாத்துக்குனே வருது. எது மொதல்ல கெடைக்குதோ அத்தக் குடுத்துட்டு நிறுத்திக்குது. கீழ எத்தினி கீதுன்னு பாக்கிறதே இல்ல.”

“இது மாதிரிதானே?”

“ஆமா, மாதிரி.”

“மாதிரிக்கு நல்லாத்தான் குடுப்பான். எங்களுக்கும் மொத நாள் டீயும் பன்னும் குடுத்தான்.”

“ஐயோ, இது கிளார்க் இல்லப்பா, கம்ப்யூட்டர்.”

“கம்ப்யூட்டர ஓட்டுறவன் யாரு?”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபப்பட வேண்டிய இடத்தில் அவளுக்கு எப்போதும் அப்படித்தான். தாரா இந்த வாக்குவாதத்தில் ஒரு வார்த்தை பேசாமல் மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாத்தாவுக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாற்றுவதற்கான கடைசி நாள், மதியம், அக்கா லீவு போட்டுவிட்டு தாராவை இழுத்துக்கொண்டு ராபர்ட்சன்பேட்டையில் எரிக் வைத்திருக்கும் பிரவுசிங் சென்டருக்குப் போனாள். நானும் போனேன். எரிக் என்னோடு பள்ளியில் படித்தவன். ஆதார், பான் கார்டு, ரயில் டிக்கெட், ஆப்ஷன் என்ட்ரி எல்லாம் அவன் கடைதான். சுவரோரம் பெஞ்சில் ஏழெட்டுப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். அக்கா அங்கேயும் நாலு பேரைக் கேட்டுவிட்டாள். எங்கள் முறை வந்தது. எரிக் தாராவின் பக்கத்தைத் திறந்தான். மூன்று வரி.

“இன்னாக்கா, ஆட்டோ சக்கரம் மாதிரி வச்சிகீறீங்க, மூணே மூணு?”

அக்கா தாராவைப் பார்த்தாள். அந்த நிமிடம்தான் கேட்டாள். வண்டியில் முன்பின் தெரியாத பெண்ணிடம் கேட்கிற அதே குரலில்.

“ஏன் மூணு?”

தாரா திரையில் இருந்த மூன்று வரியையே பார்த்தாள்.

“தாத்தா சொன்னதுக்கா?”

“தாத்தா சொன்னதுக்கு எல்லாம் இல்லம்மா. தாத்தா சொல்றது தப்புன்னு எனக்கு எப்பவோ தெரியும். யூட்யூப்ல கீது.”

“பின்ன?”

“அந்த மூணு காலேஜும் பாரு. எங்க எறங்கணும் சொல்லு.”

அக்கா திரையைப் படித்தாள். ஒன்றுக்கு வைட்ஃபீல்டில் இறங்க வேண்டும். ஒன்றுக்கு கே.ஆர்.புரம். மற்றதற்கு கன்டோன்மென்ட், அக்காவின் கடையிலிருந்து இரண்டு ஸ்டாப். எல்லாம் அவள் தினமும் போகிற வண்டி நிற்கிற இடங்கள்.

“நீ போற வண்டியிலயே போயி, நீ வர வண்டியிலயே வந்துடலாம்னுதான்,” என்றாள் தாரா. “நான் ஹாஸ்டல் போய்ட்டா நீ இன்னா பண்ணுவ? ட்ரெயின்ல ஊரே உன்கூடப் பேசுது. வீட்டுக்கு வந்தா நீயும் தாத்தாவும் டிவியப் பாத்துக்குனு உக்காந்திருப்பீங்க.”

எத்தனையோ பதில்களை ஆசையோடு வாங்கிக்கொண்டவள், இதை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். மகள் தினமும் வீடு வந்துவிட வேண்டும் என்று அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் எந்தக் கல்லூரிப் பெயரைக் கேட்டாலும், எந்த ஸ்டேஷன் என்றுதான் கேட்பாள். அது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

“அப்போ என்னை எத்தினியாவதுல போட்டுகீற?” என்றாள்.

“மொதல்ல.”

“அங்க சீட்டு ஃபுல்லு. வேற போடு.”

பெஞ்சில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். தாராவும் சிரித்தாள், உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அக்கா, அழுவுறதுன்னா வெளிய போயி அழுவுங்க, சர்வர் போய்டும்,” என்றான் எரிக்.

பிறகு வேலை நடந்தது. அது இன்னும் என் கண்முன்னால் இருக்கிறது. எரிக் ஒவ்வொரு ஊராகப் படித்தான். மைசூர், தும்கூர், ஹாசன், மண்டியா, சிக்மகளூர், தாவணகெரே. அக்கா ஒவ்வொன்றையும் நிறுத்தி விசாரித்தாள்.

“ஹாசன்ல இன்னா கீது? மழை பேயுமா?”

“எனக்கு இன்னாக்கா தெரியும்? நான் கே.ஆர்.புரமே தாண்டினதில்ல.”

“மொபைல்ல பாத்துச் சொல்லு. காலேஜ் ஊருக்குள்ள கீதா, வெளியவா? ஹாஸ்டல் கிட்டயா?” எல்லாம் கேட்டு முடித்ததும் தாரா பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்வி. “இது வந்தா போவியா?”

தாரா “ம்” என்றால் எரிக் சேர்த்தான். அவள் யோசித்தால் அக்கா, “வாணாம், தள்ளு” என்றாள். இப்படி ஒன்று சேர்ந்து, இரண்டு விழுந்து, வரிசை இருபத்து மூன்றில் வந்து நின்றது. எரிக் கீழே இன்னும் ஓட்டிக் காட்டினான்.

“போடுங்கக்கா, சும்மாதானே. எண்பது, நூறுன்னு போட்டு வைங்க. சேஃப்ட்டி.”

“போகாத ஊருக்கு இன்னாத்துக்கு போடணும்? வந்து நின்னா மறுபடி அழுவணும். போதும்.”

பட்டனை அழுத்தச் சொன்னாள். வெளியே வந்ததும் எங்கள் மூன்று பேருக்கும் கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு, ஜூஸ் பிழிகிறவரின் மகன் எத்தனை கல்லூரி போட்டிருக்கிறான் என்று கேட்டாள்.

முதல் சுற்று ஒதுக்கீடு வந்தபோது தாராவுக்குக் கிடைத்தது ஹாசன், பதினோராவது. அப்படிக் கிடைத்தால் இன்னொரு முடிவு எடுக்க வேண்டும். இதுவே போதும் என்று சேர்ந்துவிடலாம். இல்லை, இதைக் கையில் வைத்துக்கொண்டே மேலே இருப்பதற்குக் காத்திருக்கலாம். மேலே இருந்த பத்தில் அந்த ரயில்வழிக் கல்லூரிகள் மூன்றும் இருந்தன. அடுத்த சுற்றில் யாராவது விலகினால் ஒன்று இறங்கி வரலாம்.

“காத்திருந்து பாக்கலாமே,” என்றார் அப்பா. அவர் குரலில் சண்டை இல்லை, பேத்தி தூரம் போகிறாளே என்கிற ஏக்கம்தான்.

தாரா அம்மாவைப் பார்த்தாள். அக்கா அப்போது சாதம் வடித்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

“ஹாசன் வந்தா போவேன்னு சொன்னியே, சும்னே சொன்னியா?”

“இல்லம்மா. நெஜமாத்தான் சொன்னேன்.”

“அப்போ போ.”

அப்பா டிவி பக்கம் திரும்பிக்கொண்டு, “ரெண்டாவதை வாய்ல கொண்டாந்தா ரெண்டாவதுன்னு பாத்தா, இவளுக்குப் பதினொண்ணாவது வந்துகீது. கம்ப்யூட்டர் கிளார்க்கைவிட மோசம்” என்றார். தாரா அவர் தலையில் தலையணையால் அடித்தாள்.

சேர்க்கைக்கு அக்காதான் கூடப் போனாள். பெங்களூரில் வண்டி மாறி ஹாசன் போய், மகளை ஹாஸ்டலில் விட்டுவிட்டு மறுநாள் தனியாகத் திரும்பினாள். ஸ்டேஷனில் நான் காத்திருந்தேன். அழுதுகொண்டு இறங்குவாள் என்று எதிர்பார்த்தேன். இறங்கும்போதே பேசிக்கொண்டு இறங்கினாள். ஹாசனில் மழை பெய்கிறது, எல்லோரும் குடையை மறந்தாலும் கவலைப்படுவதில்லை. சேர்க்கை வரிசையில் முன்னால் நின்ற சக்லேஷ்பூர்ப் பெண் நூற்றுத் தொண்ணூறு போட்டிருந்தாள், அவள் தோட்டத்தில் நெட்வொர்க் கிடைத்த ஒரே நாளில் மனது மாறிவிடுமோ என்று எல்லாவற்றையும் போட்டுவிட்டாளாம். பின்னால் நின்ற பெண் இரண்டே இரண்டு. “நம்ம ஊர்ப் பொண்ணான்னு கேட்டேன். இல்லியாம், ராய்ச்சூராம். அவங்க தாத்தாவும் மைன்ஸாம்டி! அங்கயும் தங்கம் எடுக்கிறாங்களே, அதுல!” கையைத் தட்டிக்கொண்டு சொன்னாள்.

லைன் முனையில் வீடு தெரிந்ததும்தான் பேச்சை நிறுத்தினாள். உள்ளே போய், தாரா இத்தனை நாள் பையை மாட்டிவந்த ஆணியில் தன் பையை மாட்டினாள்.

அதன்பிறகு இரண்டரை வருடம். தாரா பண்டிகைக்கும் விடுமுறைக்கும் வந்தாள். தினமும் மாலையில் போன் வரும். ஹாசனில் அன்றைக்கு என்ன குழம்பு, எந்தப் பாலத்தைப் பார்க்கக் கூட்டிப் போனார்கள், கான்கிரீட் எத்தனை நாளில் இறுகும், ஏன் அத்தனை நாள் என்று அக்கா கேட்பாள். போனை வைத்ததும் அதை அப்பாவுக்கு மறுபடி சொல்வாள். டிவியைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் சும்மா உட்காருவார்கள் என்று தாரா பயந்தது நடக்கவில்லை. டிவியை அணைத்துவிட்டுச் சிமென்ட்டைப் பற்றிச் சண்டை போட்டார்கள். அப்பாவுக்கு மரத்தைப் பற்றித் தெரியும், சிமென்ட்டைப் பற்றித் தெரியாது, அக்காவுக்கு இரண்டைப் பற்றியும் தெரியாது.

இந்த வருடம் பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். எதிர்வீட்டு மனோகரின் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் ஊசி போட்டபோது அது எதற்கு என்று கேட்டாள். அவர் சொன்னதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். விளக்கேற்றுகிற நேரத்துக்குள் போய்விட்டாள். நாற்பத்தெட்டு வயது.

தாராவுக்குச் செய்தி போனபோது ஹாசனிலிருந்து அவளுக்கு நேர் வண்டி கிடைக்கவில்லை. பஸ் மாறி, ரயில் மாறி, மறுநாள், அக்காவின் காலை வண்டி போகிற அதே தண்டவாளத்தில் எதிர்த்திசையில் வந்து சேர்ந்தாள். வீடு நிறைய ஆட்கள். வெள்ளைச் சேலையில் அக்காவைக் கிடத்தி, எங்கள் வழக்கப்படி புத்தர் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தோம். காலை வண்டிப் பெண்கள் பலர் அன்று வேலைக்குப் போகாமல் வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். தாரா அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த லைன் பாப்பம்மா அத்தை வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“பக்கத்துல எங்கனா சேத்திருந்தா உசுரோட ஒரு வாட்டி மூஞ்சியப் பாத்திருக்கலாம் கொழந்த. ஒத்தப் பொண்ண அவ்ளோ தூரம் அனுப்புவாங்களா?”

தாரா நிமிரவில்லை.

வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா, கோலை ஊன்றி எழுந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. பேத்திக்குப் பின்னால் வந்து நின்றார்.

“இன்னா பாப்பம்மா பேசுற? என் பொண்ணு ஒவ்வொரு ஊராக் கேட்டு, மழை பேயுமா வெயில் அடிக்குமான்னு விசாரிச்சு, அவளே உக்காந்து போட்டது. கொழந்த ஒண்ணும் தப்பா போகல. போகச் சொல்லித்தான் போச்சு.”

பாப்பம்மா அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அப்பா குனிய முடியாமல் குனிந்து தாராவின் தோளைத் தொட்டார்.

“பரீட்ச எப்போ?”

“அடுத்த மாசம் தாத்தா.”

“காரியம் முடிஞ்சதும் கெளம்பு. நான் வந்து ஹாசன்ல விட்டுட்டு வரேன். நான் இன்னும் அந்த ஊரப் பாக்கல.”